கட்டிப்போட்டால் குட்டி போடும்!

சென்னையின் மேற்குப் புறநகரான அயனம்பாக்கத்தின் புது அடுக்ககங்களில் வாசற்படிக்கு மேலே நிமிர்ந்து பார்த்தால் ஒரு பழைய வழக்கம் அப்படியே தொடர்வது தெரியும். திருஷ்டிக் கயிறு, படிகாரக் கல் இவற்றோடு, வேரோடு பிடுங்கித் தலைகீழாகக் கட்டிய ஒரு சோற்றுக்கற்றாழையும் தொங்கும். மண் இல்லை, தொட்டி இல்லை, தண்ணீர் தெளிப்பவரும் இல்லை. மாதங்கள் கழிந்த பிறகும் அது உயிரோடு இருக்கிறது. மடல் நுனிகள் வெளிச்சத்தைத் தேடி மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. சில வீடுகளில் தொங்கியபடியே பூத்தும் விடுகிறது.

அதே வீட்டின் வரவேற்பறையில், பீங்கான் கோப்பைக்குள் ரோஜாப்பூ வடிவில் அடுக்கடுக்கான இலைகளோடு வாங்கி வைத்த செடி ஒரே மாதத்தில் அழுகிக் கூழாகிவிடுகிறது. இரண்டுமே சதைப்பற்றுள்ள செடிகள்தான். நர்சரிக்காரர்களும் வாங்குபவர்களும் இன்று ‘சக்குலென்ட்’ என்று அழைக்கும் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தவை. கோப்பைச் செடிக்குத் தினமும் தண்ணீர் கிடைத்தது. வாசல் கற்றாழைக்கு ஒரு சொட்டும் கிடைக்கவில்லை.

அம்பத்தூர், ஆவடி, திருவேற்காடு, பூந்தமல்லி வட்டாரத்தில் மொட்டை மாடியும் பால்கனியும் உள்ள வீடுகளில் சக்குலென்ட் வளர்க்கும் ஆசை வேகமாகப் பரவியிருக்கிறது. இடம் அதிகம் பிடிக்காது, நாலு நாள் ஊருக்குப் போனாலும் வாடாது, பார்க்க அழகு. ஆனால் பெரும்பாலானவர்கள் வாங்குகிறார்கள், பறிகொடுக்கிறார்கள், மறுபடி வாங்குகிறார்கள். ஒரு செடியை வைத்து இருபது செடி ஆக்கிக்கொள்ளலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இது வருத்தமான விஷயம். ஏனெனில் இந்தச் செடிகளின் உடலியல் ரகசியத்தை உலகுக்கு எழுதித் தெரிவித்தவர்களில் முக்கியமான ஒருவர், மெட்ராஸ் மாகாணத்தில் வேலை பார்த்தவர்.

காலையில் புளிப்பு, மாலையில் கசப்பு

பெஞ்சமின் ஹைன் 1770-ல் பிறந்த ஜெர்மானியர். மொரேவிய சபையின் மதப்பணியாளராகத் தரங்கம்பாடிக்கு வந்தவர், பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளர் ஆனார். சாமல்கோட்டையிலும் பெங்களூரிலும் கம்பெனித் தோட்டங்களைக் கவனித்துக்கொண்டார். 1819-ல் மெட்ராஸிலேயே இறந்தார்.

அவர் ஒருநாள் ரணகள்ளி இலையை வாயில் போட்டு மென்று பார்த்தார். காலையில் மென்றபோது கடும் புளிப்பு. நண்பகலில் அதே செடியின் இலை சப்பென்று இருந்தது. சாயங்காலம் லேசான கசப்பு. இந்த வித்தியாசத்தை லண்டன் லின்னேயன் சங்கத்துக்குக் கடிதமாக எழுதினார். 1815-ல் அது சங்கத்தின் இதழில் அச்சானது. கருவி எதுவும் இல்லாமல், நாக்கை மட்டும் நம்பிச் செய்த அந்தச் சோதனையை, இந்தத் துறையின் ஆய்வாளர்கள் இரு நூற்றாண்டுகள் தாண்டியும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

ஹைன் ருசித்த புளிப்புக்குக் காரணம் மாலிக் அமிலம். மற்ற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுக்கும். திறந்த துளை வழியே நீர் ஆவியாகிப் போவதும் உண்டு. வறண்ட நிலத்துச் செடிக்கு அந்த இழப்பு கட்டுப்படியாகாது. அதனால் இவை பகலெல்லாம் துளைகளை மூடிக்கொள்கின்றன. வெயில் தணிந்து காற்று குளிர்ந்த பிறகு இரவில் திறக்கின்றன. இரவில் இழுத்த வாயுவை அமிலமாக மாற்றி இலைக்குள் சேர்த்து வைக்கின்றன. விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, சேர்த்த அமிலத்தைக் கரைத்து வெளிச்சத்தில் உணவு சமைக்கின்றன. சமைக்கச் சமைக்கப் புளிப்பு குறைகிறது. வறட்சி மிகவும் கடுமையானால் இரவிலும் துளைகளைத் திறப்பதில்லை. உள்ளே தான் விடும் மூச்சிலிருந்து வரும் கரியமில வாயுவையே திரும்பத் திரும்பப் பயன்படுத்திக்கொண்டு உயிரைப் பிடித்து வைத்திருக்கும். வாசலில் தொங்கும் கற்றாழையின் பிழைப்பு இப்படித்தான் நடக்கிறது.

சென்னை ராத்திரி

இந்த ஏற்பாட்டில் சென்னைவாசிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: இந்தச் செடிகளுக்கு வேலை நேரம் இரவு. இரவு குளிர்ந்தால்தான் வேலை ஒழுங்காக நடக்கும்.

எச்செவேரியா என்ற ரோஜா அடுக்குச் செடிகளில் பெரும்பாலானவை மெக்சிகோவின் உயரமான மலைப்பகுதிகளைச் சேர்ந்தவை. அங்கே பகல் எவ்வளவு காய்ந்தாலும் ராத்திரி குளிரும். இந்தியாவில் இவை நன்றாக வளர்ந்து விற்பனைக்கு வரும் இடங்களும் கலிம்போங், பெங்களூர், ஓசூர் போன்ற மேட்டு நிலங்கள்தான். அங்கிருந்து பெட்டியில் அடைபட்டு அயனம்பாக்கத்துக்கு வரும் செடிக்கு மே மாதத்தில் என்ன கிடைக்கிறது? ராத்திரியின் குறைந்தபட்ச வெப்பமே 27, 28 டிகிரி. கூடவே பிசுபிசுவென்று ஈரக்காற்று. பகலின் சூட்டை மொட்டை மாடித் தளம் விடியும்வரை கக்கிக்கொண்டிருக்கும். துளைகளைச் சரியாகத் திறக்க முடியாமல் செடி சோர்கிறது. வாடியதாக நினைத்து வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றுகிறார். வேலை செய்யாத வேர் அந்த நீரை உறிஞ்சுவதில்லை, அழுகுகிறது.

அடுத்த சோதனை மழை. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மி.மீ. அதில் சுமார் 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கொரட்டூரும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வெள்ளத்தில் நின்றது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் திறந்த மாடியில் இருக்கும் சக்குலென்ட் தொட்டி பிழைக்க வாய்ப்பில்லை.

எனவே முதல் செடியைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதிக் கவலை தீர்ந்துவிடும். சென்னை ராத்திரியைத் தாங்கும் செடிகள் ஏராளம். சோற்றுக்கற்றாழை, நாம் மருள் என்று அறிந்த இனத்தின் உறவான பாம்புக்கற்றாழை, அடீனியம், ரணகள்ளி, திருகுகள்ளி, டேபிள் ரோஸ், நிழலான ஜன்னலோரத்தில் ஹவோர்த்தியா. நம் நர்சரிகளில் ‘ஜேட்’ என்ற பேரில் பெரும்பாலும் கிடைக்கும் சின்ன இலைச் செடி உண்மையில் போர்ட்டுலக்கேரியா. தென்னாப்பிரிக்காவில் யானைகள் விரும்பித் தின்னும் புதர் அது. சென்னை வெயிலுக்கு அசல் ஜேட் செடியைவிட அதுவே நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. வேலியோரப் பிரண்டையும் இந்தக் கூட்டம்தான். துவையலுக்குக் கிள்ளி வந்ததில் ஒரு கணுவை மண்ணில் செருகினால் வேர்பிடித்துவிடும்.

கடைகளில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு, மஞ்சள் உருண்டைக் கள்ளியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அந்த உருண்டையில் பச்சையமே கிடையாது. தனியாக உணவு தயாரிக்க முடியாததால், கீழே ஒரு பச்சைக் கள்ளித் தண்டில் ஒட்டுப்போட்டு விற்கிறார்கள். அதன் குட்டியைக் கிள்ளி மண்ணில் வைத்தால் பிழைக்காது. தாய்ச் செடிக்கும் ஆயுள் சில வருஷங்கள்தான். தெரிந்து வாங்குவதில் தவறில்லை.

மண்ணும் தண்ணீரும்

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை 2013-14-ல் சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித் தோட்டப் பெட்டகங்களைக் கொடுக்கத் தொடங்கியது. கத்தரியும் வெண்டையும் கீரையும் மாடிக்கு ஏறின. தென்னை நார்க்கழிவு வீட்டுக்கு வீடு பழக்கமானது. காய்கறிக்கு அது அருமையான ஊடகம். எடை குறைவு, ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த ஈரம்தான் சக்குலென்டுக்கு எமன். நர்சரியிலிருந்து வரும் செடிகளும் பெரும்பாலும் நார்க்கழிவில் நட்டே வருகின்றன. வாங்கி வந்த வாரத்திலேயே செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, வேரைச் சுற்றியிருக்கும் நாரை உதறிவிட்டு, வேறு கலவையில் நடுவது நல்லது.

தோட்டத்து மண்ணும் தனியாக உதவாது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இந்தப் பகுதிகளில் பல இடங்களில் களிமண். நனைந்தால் பிசின், காய்ந்தால் பாறை. கலவையில் பாதிக்கு மேல் கரடுமுரடான சரளை இருக்க வேண்டும். பெர்லைட், பியூமிஸ் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. வீடு கட்டும் இடத்தில் கிடைக்கும் செங்கல்லைக் கடலைப் பருப்பு அளவுக்கு உடைத்து, தூளைச் சலித்துத் தள்ளிவிட்டுப் பயன்படுத்தலாம். அடுப்புக்கரித் துண்டுகள் கொஞ்சம், பருமணல் கொஞ்சம், மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். எம்-சாண்ட் போடுபவர்கள் அதிலுள்ள மாவுத்தூளைக் கழுவிவிட்டுப் போட வேண்டும். இல்லாவிட்டால் அது தொட்டிக்குள் சிமென்ட் மாதிரி இறுகும்.

தொட்டிக்கு மண்தொட்டியே முதல் தேர்வு. அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். எந்தத் தொட்டியானாலும் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். ஓட்டை இல்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் அடியில் கூழாங்கல் போட்டுச் சமாளிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நீர் போக வழி இல்லாதபோது கல் போட்டு என்ன பயன்? தொட்டிக்குக் கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேங்க விடுவது வேரையும் கெடுக்கும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவையும் வளர்க்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்று கேட்பவர்களுக்கு நாள்கணக்கில் பதில் இல்லை. துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, தொட்டியின் அடிவரை செருகிப் பார்க்க வேண்டும். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் காத்திருக்கலாம். காய்ந்து வந்தால் அடி ஓட்டை வழியே வழியும் அளவுக்கு நன்றாக ஊற்றிவிட்டு, மறுபடி முழுக்கக் காயும்வரை விட்டுவிட வேண்டும். தினம் ஒரு மூடி அளவு தெளிக்கும் பாசம்தான் ஆபத்து. மேற்குப் புறநகரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: போர்வெல் நீரின் உப்பு. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை வீணாக்கக் கூடாது என்று செடிகளுக்கு ஊற்றுபவர்கள் உண்டு. போர்வெல்லில் இருக்கும் உப்பு அதில் இன்னும் செறிந்திருக்கும். அதைத் தரை கழுவப் பயன்படுத்தலாம், தொட்டிக்கு வேண்டாம். மழையில் பிடித்து வைத்த நீர் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை.

ஒரு இலை போதும்

மயிலிறகைப் புத்தகத்துக்குள் வைத்தால் குட்டி போடும் என்று நம்பாத பிள்ளை கிடையாது. மயிலிறகு ஏமாற்றியது. ரணகள்ளி இலை ஏமாற்றவில்லை. நோட்டுக்குள் வைத்தாலும், நூலில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டாலும், இலை விளிம்பின் ஒவ்வொரு வெட்டிலிருந்தும் வேரும் இரண்டு குட்டி இலைகளுமாகக் கன்றுகள் முளைத்தன. ‘கட்டிப்போட்டால் குட்டி போடும்’ என்றே அந்தச் செடிக்குப் பேர் வைத்தது தமிழ்நாடு. மடகாஸ்கரிலிருந்து வந்து இங்கே ஊறிப்போன செடி அது. பிள்ளைகளுக்குச் செடி வளர்ப்பில் ஆர்வம் உண்டாக்க இதைவிட எளிய பாடம் இல்லை. சிறுநீரகக் கல்லுக்கு என்று அதன் இலையைத் தின்பவர்கள் உண்டு. இதயத்தைப் பாதிக்கும் வேதிப்பொருட்கள் அதில் இருப்பதால், மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடுவது சரியல்ல. ஆடு மாடு எட்டும் இடத்திலும் வைக்கக் கூடாது.

ரணகள்ளி தானாகச் செய்வதை மற்ற இலைகள் நம் உதவியோடு செய்யும். கோஸ்ட் பிளான்ட் எனப்படும் சாம்பல்நிற கிராப்டோபெட்டலம், செடம், எச்செவேரியா, ஜேட் ஆகியவற்றில் அடியிலுள்ள முதிர்ந்த, கொழுத்த இலையை விரலால் பிடித்து இடவலமாக மெல்ல அசைத்துக் கழற்ற வேண்டும். தண்டோடு ஒட்டியிருந்த அடிப்பகுதி முழுசாக வர வேண்டும். குட்டி முளைக்கும் செல்கள் அங்கேதான் இருக்கின்றன. பாதியில் முறிந்த இலையால் பயனில்லை. கழற்றிய இலைகளை நிழலில் காகிதத்தின் மேல் இரண்டு மூன்று நாள் போட்டுவைத்தால் காயத்தில் தோல் கட்டும். பச்சைக் காயத்தோடு ஈர மண்ணில் வைப்பதால்தான் பாதி இலைகள் அழுகுகின்றன.

பிறகு கலவையின் மேல் சும்மா கிடத்தினால் போதும். புதைக்க வேண்டாம். நேர் வெயில் வேண்டாம், நல்ல வெளிச்சம் வேண்டும். சென்னைக் காற்றின் ஈரத்திலேயே பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் இளஞ்சிவப்பு நூல் போன்ற வேர்கள் எட்டிப்பார்க்கும். வேர் வந்த பிறகுதான் அந்த இடத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டும். சில இலைகள் வேரை மட்டும் விட்டுக் குட்டி தராது, சில குட்டியை மட்டும் தந்து வேர் விடாது. இது இயல்பு. தாய் இலை சுருங்கிக் காய்ந்து தானாக உதிரும்வரை அதைக் குட்டியிலிருந்து பிரிக்கக் கூடாது. அதிலிருக்கும் நீரும் சத்தும்தான் குட்டியின் முதல் ஆகாரம்.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது வயலுக்குச் சொன்னது. மாடியில் இந்த இலைகளுக்குப் பட்டம் தை. மழை ஓய்ந்திருக்கும், ராத்திரி வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கியிருக்கும், வெயில் கடுமையாகியிருக்காது. தையிலும் மாசியிலும் வேர்பிடித்த கன்றுகள் கத்திரி வெயிலுக்குள் தாங்கும் பருவத்தை எட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இலை வைப்பது வீண்.

எல்லாச் செடியும் இலையில் வராது. சோற்றுக்கற்றாழை மடலை வெட்டி நட்டுவிட்டு வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கலாம். அது அழுகும், முளைக்காது. கற்றாழைக்கு எளிய வழி பக்கக் கன்றுதான். கன்று நாலு விரல் உயரம் வந்ததும் தனி வேரோடு பிரித்து நடலாம். பாம்புக்கற்றாழை மடலைத் துண்டு போட்டு நட்டால் பொறுமையாக, மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டு முளைக்கும். துண்டின் மேல் கீழ் மாறக் கூடாது. அதிலும் மஞ்சள் கரை போட்ட ரகத்தின் துண்டு பச்சையாகவே முளைக்கும், கரை திரும்ப வராது. அந்தச் செடி மரபில் வேறுபட்ட இரண்டு திசு அடுக்குகளால் ஆனது. வெட்டுத்துண்டிலிருந்து புதுக் குருத்து உருவாகும்போது அந்த அடுக்குமுறை கலைந்துவிடுகிறது. மஞ்சள் கரை வேண்டுமானால் கிழங்கோடு கன்றைப் பிரிப்பதே வழி. அடீனியத்தைத் தண்டு நட்டும் வளர்க்கலாம். ஆனால் எல்லோரும் ஆசைப்படும் யானைக்கால் அடித்தண்டு, விதையிலிருந்து வளர்ந்த செடியில்தான் அழகாகத் திரளும்.

வெளிச்சம் போதாமல் கழுத்து நீண்டுபோன செடியைத் தூக்கிப் போடத் தேவையில்லை. தலையை இரண்டு அங்குலத் தண்டோடு வெட்டி, காயவைத்து நட்டால் அது புதுச் செடி. மிஞ்சிய மொட்டைத் தண்டின் கணுக்களிலிருந்து பல குட்டிகள் கிளம்பும். கீழிருந்து கறுத்து அழுகி வரும் செடிக்கும் இதே சிகிச்சைதான். வெட்டுவாயில் கறுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாத இடம்வரை மேலே மேலே வெட்டிக்கொண்டு போக வேண்டும். திருகுகள்ளியை வெட்டும்போது மட்டும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அதன் பால் கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகலாம்.

வெள்ளைப் பூச்சியின் வரலாறு

இலை இடுக்கில் பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. தொட்டியில் எறும்பு ஊர்ந்தால் அதுவும் ஒரு அறிகுறி. பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும். பாதித்த செடியைத் தனியே ஒதுக்கி, காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்கலாம். நிறைய இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து வெயில் இறங்கிய பிறகு தெளிக்க வேண்டும். காரணமே இல்லாமல் வாடும் செடியைத் தொட்டியிலிருந்து கழற்றி வேரைப் பாருங்கள். அங்கேயும் மாவுப்பூச்சி ஒளிந்திருக்கலாம்.

இந்தப் பூச்சியின் ஒன்றுவிட்ட உறவு ஒன்று மெட்ராஸ் மாகாணத்தின் நிலத்தையே மாற்றியது. 1780-களின் இறுதியில் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளிக்கென்று ஒரு தோட்டம் போட்டார். கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுத்து, ஸ்பெயினின் ஏகபோகத்தை உடைப்பது திட்டம். 1795-ல் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்கு வந்து சேர்ந்ததோ தரம் குறைந்த வேறு இனம். சாயத்துக்கு உதவாத அந்தப் பூச்சி கள்ளியைத் தின்று தீர்த்தது. 1830-களில் அதைத் தென்னிந்தியாவில் பரப்பி, வயல்களை மூடியிருந்த கள்ளிப் புதர்களை அழித்தார்கள். 1863-ல் இலங்கைக்கும் கொண்டுபோனார்கள். அந்தப் பூச்சி தொடாத இன்னொரு கள்ளி மிஞ்சியது. அதற்கு 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் இனத்தை வரவழைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே பெரும்பரப்பிலிருந்த கள்ளி காணாமல் போனது. களையைப் பூச்சி கொண்டு அடக்கிய உலகின் முதல் முயற்சிகளில் ஒன்றாக விஞ்ஞானிகள் இதைக் குறிப்பிடுகிறார்கள். பால்கனியில் ஒரு தொட்டியில் தென்பட்ட பூச்சியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏன் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

வாங்கும்போது

படுக்கையறையில் பாம்புக்கற்றாழை வைத்தால் ராத்திரி முழுக்க ஆக்சிஜன் தரும் என்று சொல்லி விற்கிறார்கள். இரவில் அது செய்வது கரியமில வாயுவை இழுப்பது. ஆக்சிஜன் உருவாக வெளிச்சம் வேண்டும். அறைக் காற்றைத் தொட்டிச் செடி சுத்தமாக்கும் என்ற நம்பிக்கை, மூடிய பெட்டிக்குள் நாசா செய்த சோதனையை வைத்து 1989-க்குப் பிறகு பரவியது. பல ஆய்வுகளைத் திரட்டி 2019-ல் வெளியான மதிப்பீட்டின்படி, ஜன்னல் வழியே வரும் காற்று செய்யும் வேலையைச் செய்ய ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடி, சில கணக்குகளில் 1,000 செடி வேண்டும். செடியை அழகுக்காக வளர்க்கலாம், காற்றுக்கு ஜன்னலைத் திறக்கலாம்.

விலை உயர்ந்த, அரிய செடிகளைத் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சக்குலென்ட் மோகம் காடுகளைச் சூறையாடிக்கொண்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் கூழாங்கல் அளவேயான கோனோஃபைட்டம் செடிகளை மலைச்சரிவுகளிலிருந்து மூட்டை மூட்டையாகப் பிடுங்குகிறார்கள். 2020-ல் இத்தாலியில் ஒரு வீட்டில், சிலியின் அடகாமா பாலைவனத்திலிருந்து திருடி வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கள்ளிகளைப் போலீசார் பிடித்தார்கள். மறு ஆண்டு அவற்றில் பெரும்பகுதி சிலிக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. அநேகமாக முழுக் கள்ளிக் குடும்பமும் 1975 முதல் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து நேரடியாகத் தபாலில் வரவழைப்பது சட்டச் சிக்கலிலும் முடியும்.

நர்சரிச் செடியா, காட்டிலிருந்து பிடுங்கியதா என்பது பார்த்தாலே ஓரளவு தெரியும். நர்சரியில் வளர்ந்த செடி சீரான நிறத்தில், தழும்பில்லாமல், சிறு தொட்டியில் வேர் நிறைந்து இருக்கும். காட்டிலிருந்து பிடுங்கியது கோணல்மாணலாக, வெயில்பட்ட தழும்புகளோடு, வெட்டுப்பட்ட வேரோடு வரும். இந்தச் செடி விதையிலிருந்து வந்ததா, கன்று பிரித்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள். தானே வளர்த்தவர் தாய்ச் செடியையே காட்டுவார்.